பாறை என்று சொன்ன இடம்

சுலபமாக நடக்கிற எதையும் நான் நம்புவதில்லை. பிறவிக் குணம். காய்கறிக்காரர் கேட்காமலே கொத்தமல்லி போட்டால் தராசை இன்னொரு தடவை பார்ப்பேன். பேருந்தில் யாராவது எழுந்து இடம் கொடுத்தால், அங்கே என்ன கொட்டிக் கிடக்கிறது என்று தடவிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவேன். "உன்கிட்ட நான் எப்படிப் பாஸாகி வந்தேன்னு இன்னும் புரியல" என்பார் என் வீட்டுக்காரர். கல்யாணத்துக்கு முன்னால் அவர் வேலை பார்த்த இடத்தில் இரண்டு மூன்று பேரிடம் விசாரித்திருக்கிறேன். அது அவருக்கு இன்று வரை தெரியாது.

இந்தக் குணத்துக்குச் சம்பளமும் கொடுத்து வண்டிக்குப் பெட்ரோலும் போடுகிற வேலை ஒன்று இருக்கிறது. பாலம், கட்டடம் என்று ஒருவர் கட்டுவதை இன்னொருவர் சார்பில் போய்ச் சோதனை பார்ப்பது. கோயம்புத்தூரில் இருக்கிற ஒரு சிறிய கம்பெனிக்காகப் பல வருஷமாக அதைத்தான் செய்கிறேன். ஒப்பந்தக்காரர்களுக்கு என்னைக் கண்டால் ஆகாது. எனக்கும் அவர்களைக் கண்டால் ஆகாது. ஆனால் நேரில் பார்த்தால் இரண்டு பக்கமும் நன்றாகச் சிரித்துக்கொள்வோம்.

நான் சொல்லப் போகிற பாலம் திருப்பூருக்கு வெளியே, நொய்யலில் போய்ச் சேருகிற ஓர் ஓடையின் மேல் கட்டியது. அங்கே இருந்த பழைய தரைப்பாலம் மழைக்கு முழுகிவிடும். அந்தக் கரை ஊர்களிலிருந்து பனியன் கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றி வருகிற வேன்கள் அங்கேயே நின்றுவிடும். ஷிப்மெண்ட் நாளாகப் பார்த்துத்தான் ஓடையில் தண்ணீர் வரும் என்று முதலாளிகள் புலம்புவார்கள். அதனால் உயரமான பாலம் வருகிறது என்றதும் எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கும்தான். என் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்து முடித்திருந்தது, அந்தக் கரையில் இருக்கிற ஊரில்.

அந்தக் கரையில் பாலம் போய் இறங்குகிற இடம் எங்கள் அப்பா வழித் தோட்டம். அப்பாவுக்குப் பிறகு அண்ணன் பார்த்துக்கொள்கிறார். ரோட்டுக்கு வேண்டிய துண்டை அவர்தான் எழுதிக் கொடுத்தார். இதை முதல் நாளே என் கம்பெனியில் சொல்லிவிட்டேன். நிலம் கை மாறிவிட்டது, இனி அது அரசாங்கத்து இடம், நீங்களே பாருங்கள் என்றார்கள்.

அந்தத் தோட்டத்தில் ஒரு பாறைக்குழி இருந்தது எனக்குத் தெரியும். கல் உடைக்கக் குத்தகைக்கு விட்டிருந்தார்கள். எந்த மூலையில் என்று மட்டும் சரியாகத் தெரியாது. எங்கள் வீடு ஊருக்குள், தோட்டம் தள்ளி. வெடி வைக்கிற பக்கம் பெண்பிள்ளைகளை விடவே மாட்டார்கள். கல்யாணம் ஆகிப் பல வருஷம் கழித்து அங்கே போனபோது நான் பார்த்ததெல்லாம் சமமான செம்மண்ணும் அதில் வரிசையாக வைத்த தென்னங்கன்றும்தான். அதனால் வேலை தொடங்கும் முன்னாலேயே அண்ணனிடம் கேட்டேன்.

"ஏனுங்ணா, நம்ம பாறைக்குழி எந்தப் பக்கமுங்க?"

"அது தெக்க, வேலியோரத்துல கெடக்குது அம்மிணி. ரோட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. இங்க பூராப் பாறை. கடப்பாரை எறங்காது."

கேள்வியை முடிக்கும் முன்னாலேயே பதில் வந்துவிட்டது. அண்ணன் எப்போதும் எதற்கும் யோசித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு பேசுகிறவர். அன்றைக்குச் செருமவில்லை. நான் அதைக் கவனித்தேன். கவனித்ததை என்னிடமே சொல்லிக்கொள்ளவில்லை.

மண் பரிசோதனை அறிக்கையும் அண்ணன் சொன்னதையே சொன்னது. மேலே கொஞ்சம் செம்மண், அதற்குக் கீழே உதிரிக் கல், அதற்குக் கீழே பாறை. இந்தக் கரையிலும் அப்படியே, அந்தக் கரையிலும் அப்படியே. ஓடை ஓரத்து மண் இவ்வளவு ஒழுக்கமாக இருக்குமா என்று எனக்குச் சந்தேகம். மண்ணைத் துளை போட்டுப் பார்க்கிற இயந்திரம் லாரியில் வரும். லாரி நிற்கத் தோதான கெட்டித் தரையாகப் பார்த்து நிறுத்தி, அங்கேயே துளை போட்டுவிட்டுப் போவார்கள். தூண் வருகிற இடம் சற்றுத் தள்ளி இருக்கும். கெட்டித் தரையில் துளை போட்டால் கெட்டியாகத்தான் இருக்கும்.

ஊரில் யாரிடம் கேட்டாலும் சிரித்தார்கள். எங்கள் பக்கத்துக்காரர்கள் ஆயிரம் அடி போர் போட்டுப் புழுதியை மட்டும் பார்த்து வீடு திரும்பியவர்கள். பூமிக்கடியில் பாறையைத் தவிர வேறொன்று இருக்கும் என்றால் நம்ப மாட்டார்கள். "மண்ணு மெதுவா இருக்குமான்னா கேக்கறீங்க? இருந்தா நாங்க வெவசாயத்தை விட்டுப்போட்டு எதுக்குங்க பனியன் தைக்கப் போறோம்?" என்றார் ஒருவர். 

பாலத்தின் ஒவ்வொரு தூணுக்கும் அடியில் நாலு பைல். பைல் என்பது பூமிக்குள் ஆழத் துளை போட்டு, கம்பிக்கூடு இறக்கி, காங்கிரீட் ஊற்றி நிறுத்துகிற கால். நாலு காலையும் மேலே ஒரு கனத்த பலகை மாதிரி சேர்த்துக் கட்டி, அதன் மேல் தூண் எழும்பும். இந்தக் கரையில் துளை போட்டபோது ரிக் இயந்திரம் கத்திய கத்தலில் பக்கத்துத் தோட்டத்து மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. எனக்கு நிம்மதியாக இருந்தது. பாறை கத்தும்.

எங்கள் தோட்டத்துக் கரையில் வருகிற மூன்றாவது தூணில் முதல் இரண்டு துளையும் அப்படியே கத்தின. மூன்றாவது துளையில் சத்தம் நின்றுபோயிற்று. ரிக்கின் பக்கெட் வெண்ணெயில் கரண்டி இறங்குகிற மாதிரி இறங்கியது. ஒப்பந்தக்காரரின் சைட் இன்ஜினியர் திருநெல்வேலிப் பக்கத்துப் பையன், வயதில் என் மகளைவிடக் கொஞ்சம் பெரியவன். "மேடம், இன்னைக்கு வேலை நல்லா ஓடுதுல்லா?" என்று கை தேய்த்துக்கொண்டு வந்தான். அவனுடைய சந்தோஷம் எனக்குப் பிடிக்கவில்லை. எங்கள் ஊர் பூமி யாருக்கும் இப்படி வழிவிட்டதில்லை.

பக்கெட் மேலே வந்தது. உள்ளே கறுப்புச் சேறு, சாயப்பட்டறை நாற்றம். பக்கெட்டின் பற்களில் ஏதோ சுற்றிக்கொண்டு தொங்கியது. ரிக் ஓட்டுகிற வடக்கத்திப் பையன் இறங்கி, கத்தியால் அறுத்து எடுத்துப் போட்டான். பனியன் துணி. கட்டிங் டேபிளில் மிஞ்சுகிற கீற்றுகள், எலாஸ்டிக் நாடா, முழு முழுச் சட்டைகள். துணி நைந்து சாம்பல் நிறமாகிவிட்டிருந்தது. மேலே அடித்த ரப்பர் பிரிண்ட்டுக்கு மட்டும் சாவில்லை. ஒன்றை எடுத்துத் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். ஒட்டகச்சிவிங்கி. கழுத்து ஒரு பக்கம், தலை ஒரு பக்கம்.

அந்த ஒட்டகச்சிவிங்கி எங்கள் சொந்தக்காரர் வீடுகளில் எல்லாம் இருந்தது. பல வருஷத்துக்கு முன்னால் அண்ணன் நடத்துகிற பனியன் கம்பெனிக்கு வந்த குழந்தைச் சட்டை ஆர்டர் அது. பிரிண்ட்டிங்கில் ஸ்கிரீன் நகர்ந்து, தலை கழுத்தில் உட்காராமல் தோள்பட்டைப் பக்கம் போய்விட்டது. ஆர்டர் கொடுத்த வெளிநாட்டுப் பையர் மொத்த லாட்டையும் ரிஜெக்ட் செய்து, ஒரு சட்டைகூட வெளியே போகக் கூடாது, அழித்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார். திருப்பூரில் ரிஜெக்ட் ஆனால் சொந்தபந்தத்துப் பிள்ளைகளுக்கு அந்த வருஷம் முழுக்க அதே சட்டைதான். ஒரு சீர் விசேஷத்துக்குப் போயிருந்தபோது பந்தியில் உட்கார்ந்திருந்த அத்தனை பிள்ளைகள் நெஞ்சிலும் தலை துண்டான ஒட்டகச்சிவிங்கி. என் மகளும் அதைப் போட்டுக்கொண்டுதான் தூங்குவாள். மீதி எங்கே போயிற்று என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

இப்போது தெரிந்துவிட்டது. தெற்கு வேலியோரம் என்று அண்ணன் சொன்ன குழியின் மேல்தான் நான் நின்றுகொண்டிருந்தேன். கல் எடுத்த பள்ளத்தில் பனியன் வேஸ்ட்டும் சாயப்பட்டறைச் சேறும் ஊர்க் குப்பையும் கொட்டி, மேலே செம்மண் பரப்பி, கன்று வைத்துக் காட்டியிருக்கிறார்கள். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, அதுவும் அண்ணன் மேல் இல்லை. அவர் தொண்டையைச் செருமாததைப் பார்த்தும் வாயை மூடிக்கொண்டு வந்த என் மேல்.

வேலையை நிறுத்தச் சொன்னேன். திருநெல்வேலிப் பையனுக்கு முகம் தொங்கிவிட்டது.

"மேடம், குப்பையா இருந்தா என்ன? குழிக்கும் அடி உண்டுல்லா? அடியில பாறைதான. பைலு அதுல போயி உக்காந்துரும். பாரத்தைத் தாங்குமா தாங்காதா?"

"தாங்கும்."

"பெறகென்ன?"

கேள்வி நியாயமானதுதான். பாலத்தின் பாரம், லாரியின் பாரம் எல்லாம் நேராகக் கீழே இறங்குகிறவை. அதற்குக் காலடி பாறையில் இருந்தால் போதும். பூமி அதிர்ந்தால் பாரம் பக்கவாட்டில் வரும். அப்போது பைலைச் சுற்றி இறுகப் பிடித்துக்கொள்ள மண் வேண்டும். குப்பையும் சேறும் பிடித்துக்கொள்ளாது. தானும் ஆடி, பைலையும் சேர்த்துத் தள்ளும். பைல் ஒடிகிற இடம், சேறு முடிந்து பாறை ஆரம்பிக்கிற அந்த விளிம்பு. அதைவிட மோசம், ஒரே தூணுக்கு இரண்டு கால் பாறையிலும் இரண்டு கால் சேற்றிலும் நிற்பது. பந்தல்காலை நாலு பேர் பிடித்திருக்கும்போது இரண்டு பேர் மட்டும் விறைப்பாக நின்றால், காற்று முழுவதும் அந்த இரண்டு பேர் தோளில்தான் இறங்கும். அவர்கள் முதலில் விழுவார்கள், பிறகு மற்ற இரண்டு பேரும்.

பையன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இங்க எப்ப மேடம் பூகம்பம் வந்திருக்கு?" என்றான். ஊர் முழுக்கக் கேட்ட கேள்வி அது. எங்கள் பக்கம் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தால் யாரும் வெளியே ஓடி வர மாட்டார்கள். குவாரியில் வெடி வைக்கிற நேரமா என்று கடிகாரத்தைப் பார்ப்பார்கள். நேரம் பொருந்தாவிட்டால் கடிகாரம் தப்பு என்பார்கள். உண்மையாகவே பூமி ஆடியிருந்தாலும் எந்தக் குவாரி முதலாளியையோ திட்டிவிட்டுப் படுத்திருப்போம். வராது என்று எனக்கும் உறுதியாகத் தெரிந்தால் நானும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருப்பேன். தெரியாதே.

அன்று மாலையே அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணி தோசை வார்த்தார். கேட்காமலே நெய் ஊற்றினார். நெய்யைப் பார்த்ததுமே, சைட்டில் நடந்தது எனக்கு முன்னால் இங்கே வந்து சேர்ந்துவிட்டது என்று புரிந்துகொண்டேன். சாப்பிட்டு முடித்து, கழுவிக் காய வைத்திருந்த ஒட்டகச்சிவிங்கியைப் பையிலிருந்து எடுத்து டீப்பாயின் மேல் வைத்தேன். அண்ணன் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இதை ஊருக்கெல்லாம் குடுத்தமே. எவனோ தூக்கிப் போட்டிருப்பான்."

"எவனோ போட்டா ஒண்ணு வருமுங்ணா. பக்கெட் நெறைய வருது. சாயச் சேறும் வருது."

"மழைத் தண்ணியில அடிச்சுட்டு வந்திருக்கும்."

"குழி தெக்க இருக்குதுன்னீங்க."

"தெக்கதான் இருக்குது. அது வேற."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். கண் முன்னால் பார்த்தது அன்றுதான். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான், குழியின் கரை எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று காட்டச் சொல்லி மன்றாடினேன். ஆபீஸில் யார் பெயரும் வராது என்றேன். அண்ணன் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். எனக்கு இருக்கிற அதே குணம் அவருக்கும் உண்டு. ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தானே.

"இதெல்லாம் உன் யோசனையா, உன் ஊட்டுக்காரரோட யோசனையா?" என்றார்.

"எதுங்ணா?"

"தோட்டத்துல பங்கு வேணும்னா நேரா கேளு அம்மிணி. பூகம்பம் கீகம்பம்னு எதுக்குச் சுத்தி வளைக்கற?"

கல்யாணத்தின்போது பங்கு வேண்டாம் என்று மற்ற வீட்டுப் பெண்களைப் போல நானும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவள். அதற்காக ஒரு நாளும் வருந்தியதில்லை. அண்ணன் அப்படிச் சொன்ன அந்த நிமிஷம் வருந்தினேன். அண்ணி சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டார். நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். யாரும் இரு என்று சொல்லவில்லை.

அறிக்கை எழுதினேன். பாம்பும் சாக வேண்டும், கம்பும் உடையக் கூடாது. "இவ்விடத்தில் முன்பு கல் எடுத்த குழி இருந்து பின்னர் நிரப்பப்பட்டிருக்கிறது" என்று மட்டும் எழுதினேன். யார் நிரப்பினார்கள் என்று எழுதவில்லை. தூண் வருகிற இடத்திலேயே புதிதாகத் துளைகள் போட்டார்கள். அதை வைத்து வடிவமைப்பை மாற்றினார்கள். தூணைச் சற்று நகர்த்தி நாலு பைலும் குழிக்குள்ளேயே ஒன்றுபோல் இறங்கும்படி செய்தார்கள். பைலைப் பருமனாக்கி, பாறைக்குள் இன்னும் ஆழமாக இறக்கி, சேறும் பாறையும் சேருகிற விளிம்பில் கம்பிக்கூட்டைச் சுற்றிக் கட்டுகிற ரிங்கை நெருக்கி நெருக்கிக் கட்டினார்கள். ரிங் கட்டுகிறவர்கள் இவ்வளவு நெருக்கமாகவா என்று முணுமுணுத்தார்கள். ஒவ்வொன்றையும் கையை விட்டு அசைத்துப் பார்த்தேன்.

இதற்கெல்லாம் மாதக்கணக்கில் ஆயிற்று. அதற்குள் ஒரு மழை வந்து தரைப்பாலம் முழுகியது. வேன்கள் நின்றன. ஊர் என்னைத் திட்டியது. பேக்கரியில் டீ குடிக்கப் போனால் பேச்சு நின்றுவிடும். அண்ணன் தங்கச்சிக்குள் சொத்துத் தகராறு, அதனால்தான் அந்த அம்மா பாலத்தை முடிய விடாமல் இழுக்கிறது என்று ஒரு கதை. வேறு ரோட்டில் பாலம் கேட்டவர்களிடம் கை நீட்டிக் காசு வாங்கிவிட்டேன் என்று இன்னொரு கதை. நெருப்பில்லாமல் புகையுமா என்று சொன்னவர் எங்களுக்குத் தூரத்துச் சொந்தம். யார் மூட்டினார்கள் என்று நான் கேட்கவில்லை. அண்ணனாக இருக்கும் என்று நினைத்தேன். நினைத்ததைப் பொய் என்று நிரூபிக்க யாராவது வரமாட்டார்களா என்றும் ஏங்கினேன்.

கல்யாண நாள் நெருங்கியது. எங்கள் பக்கம் பெண்ணுக்குத் தாய்மாமன் வந்து நிற்காமல் சீர் இல்லை. முதல் வெற்றிலை பாக்கு அவருக்குத்தான் வைக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் சாமிக்குக்கூட என்று கிண்டலாகச் சொல்வார்கள். தாய்மாமன் வராத கல்யாணத்தில் பங்காளி வகையில் யாரையாவது நிறுத்திச் சடங்கை முடிப்பது உண்டு. பெண் அதை ஆயுசுக்கும் மறக்காது. என் மகளுக்கு மாமன் என்றால் உயிர். "மாமா வருவாங்கல்லம்மா?" என்று ஒரே ஒரு தடவைதான் கேட்டாள். 

நானும் வீட்டுக்காரரும் அண்ணனை அழைக்க வெற்றிலை பாக்குத் தட்டு எடுத்துக்கொண்டு போனோம். அண்ணன் எழுந்து நின்று, தோளில் இருந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டார். காபி வந்தது. மழையைப் பற்றியும் நூல் விலையைப் பற்றியும் என் வீட்டுக்காரரிடம் பேசினார். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. திரும்பி வரும்போது நான் வண்டியில் அந்த மௌனத்தைப் பிரித்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். தட்டை வலது கையை முன்னால் நீட்டி வாங்கினாரா, பாக்கை எடுத்துப் பக்கத்தில் வைத்தாரா என்றெல்லாம் வீட்டுக்காரரிடம் கேட்டேன். "தட்டைத் திருப்பித் தரல. அது போதும், பேசாம வா" என்றார்.

அண்ணன் வந்தார். மேளத்தோடு, எல்லாருக்கும் முன்னால், சீர்த்தட்டுகளைச் சுமந்துகொண்டு வந்த பெரிய கூட்டத்தோடு வந்தார். மகளைக் கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்துப் போனார். அவள் நெற்றியில் பட்டம் கட்டினார். நான் தூணோரம் நின்று அழுதேன். அழுதுகொண்டே, இவ்வளவு விமரிசையாக வருகிறவர் மனதில் என்ன வைத்திருக்கிறாரோ என்றும் யோசித்தேன். வெட்கம்தான், ஆனால் யோசித்தேன்.

பந்தியில் தாய்மாமனுக்கு நானே பரிமாற வேண்டும். இலையில் சோறு வைத்துக் குனிந்தபோது அண்ணன் தலை நிமிராமல் பேசினார்.

"அம்மிணி, நம்ம தோட்டத்துக் கரையில பாலம் வந்து முடியற சுவரு இருக்குதே. அதுக்கு பைல் கெடையாதாமே."

"இல்லீங்ணா. அங்க மேலயே பாறை. துளை போட்டுப் பாத்தாச்சு. நேராப் பாறை மேல உக்கார வெக்கிறோம்."

"அது பாறை இல்ல."

கரண்டியோடு நின்றேன்.

"வெடிச்சப்ப ஒடையாம நின்னுபோன குண்டுக்கல்லு. ஒரு ஊடு பெரிசு இருக்கும். பொக்லைன் வெச்சு உள்ள உருட்டி விட்டது. அதுக்கு அடியில பூராச் சாயச் சேறு. குழி அது வரைக்கும் போகுது."

துளை போட்டவர்கள் விதிப்படி கல்லுக்குள் எவ்வளவு இறங்க வேண்டுமோ அவ்வளவு இறங்கிவிட்டு நிறுத்தியிருந்தார்கள். குண்டுக்கல் அதைவிடப் பெரியது. சேற்றில் மிதக்கிற கல்லின் மேல் பாலத்தின் ஒரு முனையை உட்கார வைக்க நான் அனுமதி கொடுத்திருந்தேன். பூமி ஒரு குலுக்குக் குலுக்கினால் கல் சாயும், சுவர் சாயும், அதன் மேல் படுத்திருக்கிற பாலம் நழுவும். 

"இத்தனை நாள் சொல்லாம இப்ப எதுக்குங்ணா சொல்றீங்க?"

அண்ணன் மணவறைப் பக்கம் பார்த்தார். "பாப்பா அந்த வழியாத்தானே அவ ஊட்டுக்குப் போகோணும்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. ஊர்ச் சனம் பூராவும் அந்த வழியாகத்தான் போகும். விடியற்காலையில் வேனில் தூங்கிக்கொண்டே போகிற பிள்ளைகள் எல்லாம் அந்த வழிதான். அவர்களுக்கு வராத பூகம்பம், தன் மருமகளுக்கு என்றதும் வந்துவிட்டது. அந்த இலையை இழுத்து மடித்துவிடலாமா என்று இருந்தது. அதே சமயம் அவர் காலில் விழவும் தோன்றியது. இரண்டையும் செய்யாமல் சாம்பார் ஊற்றினேன்.

"யார் சொன்னதுன்னு கேப்பாங்க. சாயச் சேறு யாரோடதுன்னும் கேப்பாங்க."

"கேக்கட்டும். நானே வந்து சொல்றேன்."

சொல்வார் என்று நான் நம்பவில்லை. மடியில் கனமிருந்தால் வழியில் பயம் இருக்கும். கல்யாண வீட்டு நெகிழ்ச்சி, இரண்டு நாளில் காய்ந்துவிடும் என்று நினைத்தேன். அவர் பெயரைச் சொல்லாமலே சுவர் வேலையை நிறுத்தி வைத்தேன். எதை வைத்து நிறுத்தினாய் என்று என் மேலதிகாரி கோயம்புத்தூரிலிருந்து காரில் வந்து இறங்கினார். நான் பதிலுக்குத் தடுமாறிக்கொண்டிருந்தபோது அண்ணனின் வண்டி வந்து நின்றது.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேராக எங்களிடம் வந்தார். "சார் யாரு?" என்று மேலதிகாரி என்னைக் கேட்டார்.

"இந்தக் குழியை மூடுனவனுங்க" என்றார் அண்ணன். "இந்தம்மிணியோட அண்ணன்."

பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தார். இங்கிருந்து என்று காலால் மண்ணைக் கீறினார். நான் சுண்ணாம்புப் பொடியை எடுத்துக்கொண்டு அவர் பின்னாலேயே கோடு போட்டுக்கொண்டு போனேன். இங்கே குழியே இல்லை என்றவர், எந்த வளைவில் கல் நல்லதாகக் கிடைத்தது, எந்த மூலையில் லாரி இறங்கியது என்று சொல்லிச் சொல்லி முழுக் கரையையும் நடந்து காட்டினார். திருநெல்வேலிப் பையனும் ரிங் கட்டுகிறவர்களும் வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இனி எத்தனை ஆபீஸிலிருந்து எத்தனை நோட்டீஸ் வரும் என்று அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். கோடு ஆரம்பித்த இடத்திலேயே வந்து முடிந்தது.

துளை போடுகிற லாரி வந்தது. கோட்டுக்கு உள்ளே எங்கெங்கே போட வேண்டும் என்று காட்டினேன். கடைசியாக, கோட்டுக்கு வெளியே ஓர் இடத்தில் குச்சி நட்டேன். வாய் சொல்வதற்கு முன்னால் கை நட்டுவிட்டது. அண்ணன் பார்த்துவிட்டார்.

"வெளியிலயும் ஒண்ணா?"

"ஒண்ணே ஒண்ணுங்ணா."

அவர் பக்கத்தில் கிடந்த கல்லில் போய் உட்கார்ந்துகொண்டார். நான் அந்தத் துளையைத்தான் முதலில் போடச் சொன்னேன். இயந்திரம் கத்தியது. வெள்ளைப் புழுதி வந்தது, பிறகும் வெள்ளைப் புழுதியே வந்தது. அண்ணன் காட்டிய கோடு சரிதான். எனக்கு அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. போதும், நிறுத்துங்கள் என்று கையைத் தூக்கினேன்.

"நிறுத்தாத அம்மிணி" என்று பின்னாலிருந்து அண்ணனின் குரல் வந்தது. "இன்னுங் கொஞ்சம் போகட்டும். இதும் குண்டுக்கல்லா இருந்துட்டா?"

கேலி செய்கிறாரா, உண்மையாகத்தான் சொல்கிறாரா என்று திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன். தெரியவில்லை. இன்னும் ஆழமாகப் போகச் சொன்னேன்.